ஒரு சுடுதண்ணிப் பையைத் தேடிப் போன நாள்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் நம் மருந்துக்கடைக் கவுண்டரில் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அப்புத்தளையிலிருந்து ஒருவர் சுடுதண்ணிப் பை கேட்டு வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கழுத்துவரை மஃப்ளர் சுற்றியிருந்தார்.

"கால் ரெண்டும் ஐஸ் மாதிரி ஆயிருதுங்க மிஸ். படுத்தா தூக்கமே வர்றதில்ல" என்றார்.

நான் பையை எடுக்கவில்லை. நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், இருக்கிறதா என்று கேட்டேன். பதினைந்து வருடமாக இருக்கிறது என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். மேலே பார்க்கச் சொல்லிவிட்டு, குனிந்து அவருடைய கால் பெருவிரலைக் கிள்ளினேன். கொஞ்சம் அழுத்தியே கிள்ளினேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "ம்ம், எப்ப தொடப் போறீங்க?" என்று கேட்டார்.

அவருக்கு நான் பை விற்கவில்லை. பக்கத்துத் துணிக்கடையில் கம்பளிக் காலுறை வாங்கச் சொன்னேன். காலை அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் கட்டாயம் காட்டச் சொல்லி அனுப்பினேன். உணர்ச்சி இல்லாத கால் சூட்டை அறியாது. தோல் வெந்து கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். சீனி வருத்தக்காரருக்கு அந்தப் புண் ஆற எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அவர் போன பிறகு உங்களில் ஒருவர், யார் என்று சொல்ல மாட்டேன், "மிஸ் யாவாரம் பண்றாங்களா, விசாரணை பண்றாங்களா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குக் கடையில் கூட்டம். சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இப்போது நேரத்துக்குக் குறைவில்லை. ஒரு சுடுதண்ணிப் பையை விற்க நான் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறேன் என்று எழுதிவைக்கிறேன்.

நீங்கள் சேர்வதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. அந்த மார்கழியில் மழையும் குளிரும் சேர்ந்தே வந்தன. நமுனுகுல மலை ஒரு வாரமாகக் கண்ணில் படவில்லை. பதுளை டவுனிலேயே ஆட்கள் சுவெட்டரோடு நடந்தார்கள் என்றால் மேலே தோட்டங்களில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுடுதண்ணிப் பை இரண்டே நாளில் தீர்ந்துபோனது. கொழும்பிலிருந்து சரக்கு வரவில்லை. கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் நான் பின்னறைக்குப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே, மேல் தட்டில், சேலைன் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பழைய அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஆறு பைகள், உறை பிரிக்காமல். தூசியைத் துடைத்துக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தேன். எனக்கு அப்போது என் சாமர்த்தியத்தின் மேல் நல்ல மதிப்பு.

மாத்திரை என்றால் தேதி பார்க்காமல் கொடுக்க எனக்குக் கை வராது. இறப்பருக்கும் வயது உண்டு என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

அன்றைக்கும் அடுத்த நாளும் ஐந்து பைகள் போயின. மூன்றாம் நாள் காலை, கடை திறந்த கையோடு தபால் கந்தோரில் வேலை செய்யும் ஒரு அம்மா வந்தார். நமக்குப் பழக்கமானவர்தான். ஈரமான ஒரு ஷொப்பிங் பேக்கைக் கவுண்டரில் வைத்தார். உள்ளே நான் விற்ற பை இருந்தது. கழுத்துக்குக் கீழே, ஓரத் தையல்போல ஒட்டியிருக்கும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து கிடந்தது.

"சிங்க்குக்கு மேல வச்சுத் தண்ணி ஊத்துனதால தப்பிச்சேன். மடியில வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார்.

அப்போது நான் செய்ததைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்கவில்லை. "கொதி தண்ணியா ஊத்துனீங்க?" என்று கேட்டேன். குற்றத்தை அவர் பக்கம் தள்ளப் பார்த்தேன்.

"ஆமா, கொதிச்ச தண்ணிதான் ஊத்துனேன். ஊத்தக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்களா?"

மிச்சமிருந்த ஆறாவது பையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கழுத்தை இரண்டு கையாலும் மெல்ல வளைத்தேன். வாழைமட்டை காய்ந்ததுபோல மெல்லிய கீறல்கள் தெரிந்தன. அதற்குக் கொஞ்சம் கீழே பூ மாதிரி ஓர் அச்சு இருந்தது. இத்தனை வருடமாக அதை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளை முதல்முறையாக வரிவரியாகப் படித்தேன். அந்தப் பூவின் நடுவில் இருப்பது செய்த வருடம், இதழ்களில் இருப்பது மாதம். வருடத்தை இரண்டு தடவை பார்த்தேன். நம் கடையில் அப்போது வேலை செய்த சின்னப் பெண்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துப் பை அது.

விற்ற ஐந்தில் ஒன்று திரும்பிவிட்டது. மூன்று பேர் டவுன் ஆட்கள், வாடிக்கைக்காரர்கள். போனில் பிடித்து, பையை ஒதுக்கிவைக்கச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் அது முடிந்தது. ஐந்தாவது பை யாரிடம் போனது என்று யோசித்தபோது முகம் நினைவுக்கு வந்தது. அந்த முகத்தோடு அவர் கேட்ட கேள்வியும் வந்தது.

இரண்டு நாளைக்கு முன், மாலை நான்கு மணி. வெளியே மழை. உள்ளே குடைகளும் ஆட்களும் நெருக்கியடித்து நின்றார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தோளில் நீலப் பொலித்தீன் விரிப்பைப் போர்த்தியபடி நின்றார். கையில் ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டை நனையாமல் பிடித்திருந்தார்.

"பிள்ளைய இன்னக்கித்தான் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புனாங்க மிஸ். மாசம் நெறையாம பொறந்த பிள்ள. சூடா வச்சிருக்கச் சொன்னாங்க. சுடுதண்ணி பேக் இருக்குங்களா?"

கொடுத்தேன். வாங்கியவர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படிங்க பாவிக்கிறது?" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் பத்துப் பேர். "எல்லாம் பெட்டியில எழுதியிருக்கு" என்றேன்.

அவர் பெட்டியை நான்கு பக்கமும் புரட்டினார். எங்காவது படம் போட்டிருக்கிறதா என்று தேடினார். முழுக்க ஆங்கிலம். "சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு, ஸ்பிரிங்வெளி பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அவருக்கு அதைப் படிக்க முடியாது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் அடுத்தவரின் மருந்துச் சீட்டைக் கையில் வாங்கினேன்.

ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். நம் முதலாளியை உங்களுக்குத் தெரியும், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் முதலில் அவருக்கும் வெளியே பேச்சு வராமல் முடித்தால் நல்லது என்றுதான் தோன்றியது.

"ஒழுகினா அவங்களே கொண்டு வருவாங்க தானே மிஸ்? ஸ்பிரிங்வெளி எவ்வளவு பெரிய தோட்டம்? பேரும் தெரியாது. யாருன்னு கேட்டுப் போவீங்க?"

"மாசம் நெறையாத பிள்ள எந்த வீட்டுல இருக்குன்னு கேட்டுப் போவேன் ஹாஜியார். ஒழுகின பிறகு கொண்டு வரட்டும்னு இருக்க ஏலாது. அது பிள்ளையோட பக்கத்துல இருக்கு."

அவர் மேசை லாச்சியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "நீங்க போங்க. இந்தப் பை வாங்கினவங்க யாரும் பாவிக்க வேணாம்னு நான் எழுதிக் கதவுல ஒட்டுறேன். பேர் கெட்டாக் கெட்டுட்டுப் போகட்டும்" என்றார்.

ஆஸ்பத்திரியின் குறைமாதப் பிள்ளைகள் வார்டுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு சிஸ்டர் பேசினார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை, பெயரும் கேட்கவில்லை. "நோயாளிட நம்பரை உங்களுக்குத் தர ஏலாது மிஸ். நான் எடுத்துப் பார்க்கிறேன்" என்றார். ஐந்து நிமிடத்தில் எனக்குத் திருப்பிப் போன் எடுத்தார். "போன் ஓஃப்ல இருக்கு. அந்தப் பக்கத்து மிட்வைஃபுக்குச் சொல்லுறேன், ஆனா அவங்க இண்டைக்கு வேற டிவிசன்ல. நீங்க போறதுன்னா போங்க. ஒண்ணு கேளுங்க. பதட்டத்துல பையைப் பிடிச்சு இழுக்க வேணாம். முதல்ல பிள்ளையைத் தூக்குங்க. பை பிறகு."

அந்தக் கடைசி வார்த்தைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி சரி என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் கேட்டேன். இரண்டு நாளைக்கு முன் மாலை பஸ்ஸில், பிறந்த பிள்ளையோடு ஒரு குடும்பம் போனதா?

"மஞ்சத் துவாயில சுத்திக் கொண்டு போனாங்களே, அவங்களா? சீட்டு குடுக்கச் சொல்லி நான்தான் சத்தம் போட்டேன். மேல் டிவிசன் சந்தியில எறங்குனாங்க."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் சந்திக்கு ஒரு மைல் இருக்கும்போது பஸ் நின்றுவிட்டது. மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. துப்பரவு செய்யும்வரை போக முடியாது என்றார்கள். நான் இறங்கி நடந்தேன். கடைச் செருப்போடுதான் வந்திருந்தேன். வழியெல்லாம், கேத்தலில் கொதிக்கும் தண்ணீரை யாரோ அந்தப் பையில் ஊற்றுவதுதான் கண்முன் வந்துகொண்டிருந்தது. ஏசுவே, அதைத் தவணை போட்டு வை, ஒரு மணித்தியாலம் போதும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

தோட்டத்தின் மேல் டிவிசனில் முதலில் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில் கேட்டால் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று தெரியாமலா போகும்? அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, நான் இரண்டு வார்த்தை சொன்னதுமே சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"மாசம் நெறையாத பிள்ளதானே? மூணாவது லயம், கடைசிக் காம்பரா. வாங்க. அவன் லீவு போட்டுட்டு வீட்லதான் இருக்கான்."

வரிசை வீடுகளாக இருந்த லயங்களுக்கு நடுவே படிகளில் ஏறும்போது அவர் முன்னால் போனார், நான் பின்னால். குளிருக்காக எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. கடைசிக் கதவைத் தட்டினோம். அதே மனிதர்தான் திறந்தார்.

"அட, பாமசி மிஸ்! என்னங்க இது, இந்த மழைக்குள்ள?"

"அந்தச் சுடுதண்ணி பேக் எங்க?"

"உள்ளதாங்க, பிள்ளகிட்ட. இப்பத்தான் தண்ணி மாத்தி வச்சேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். கட்டிலில் கம்பளிக்குள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தொப்பிக்குக் கீழே என் உள்ளங்கை அளவு முகம். கம்பளியை விலக்கினேன். காலடியில் அந்தப் பை, வாய்வரை தண்ணீர் நிறைந்து, வயிறு ஊதிக் கிடந்தது. உறை இல்லை, துணி சுற்றவில்லை. என் கை நேராக அதன் கழுத்துக்குத்தான் போனது. விரல் தொட்டுவிட்டது. அப்போதுதான் முகம் தெரியாத அந்த சிஸ்டர் சொன்னது காதில் விழுந்தது. இழுக்கிற இழுப்பில் பிளந்தால் தண்ணீர் எங்கே கொட்டும்?

கையை எடுத்தேன். பிள்ளையைத் துவாயோடு தூக்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டு நான்கு அடி பின்னால் நகர்ந்தேன். பிறகுதான், "பையைக் கீழால கை குடுத்துத் தூக்குங்க. கழுத்தைப் பிடிக்காதீங்க. அப்படியே வெளிய கொண்டு போங்க" என்றேன்.

அவர் தடித்த துணி ஒன்றைக் கீழே கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார். நான் ஜன்னல் பக்கம் போய்ப் பிள்ளையின் காலைப் பார்த்தேன். இரண்டு பாதங்களையும், விரல் இடுக்கு விடாமல் பார்த்தேன். கொப்புளம் இல்லை. சிவப்பு இல்லை. பிள்ளை கொட்டாவி விட்டது.

குசினியிலிருந்து தாய் ஓடிவந்தாள். சின்னப் பெண். கை நிறைய மாவு. எங்கள் முகங்களைப் பார்த்து என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் கட்டிலில் கை வைத்துத் தடவினாள்.

"காலையில இருந்து ரெண்டு தடவ துணி நனைஞ்சிருந்துச்சுங்க. பிள்ள ஒண்ணுக்குப் போயிருச்சுன்னு மாத்திக்கிட்டே இருந்தேன்."

வெளியே அவர் பையை மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் கல்லின் மேல் வைத்திருந்தார். நாங்கள் மூன்று பெண்களும் வாசலில் நின்றோம். அவர் தள்ளி நின்று, ஒரு விறகுக் கட்டையால் மெல்ல அழுத்தினார். கழுத்தோரத்தில் ஊசி மாதிரி ஒரு தாரை கிளம்பியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பொத்தென்று ஓரம் முழுக்கப் பிளந்து, தண்ணீர் ஆவி பறக்கக் கானுக்குள் கொட்டியது.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானே மிஸ் வாங்கிட்டு வந்தேன்" என்றார்.

"நான்தான் வித்தேன் தம்பி. நீங்க கேட்டீங்க, எப்படிப் பாவிக்கிறதுன்னு. நான் சொல்லல."

அவர் என்னை ஏசியிருக்கலாம். ஏசினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்க மிஸ். பிள்ளைக்கு நான் என்ன செய்யணும்?" என்றார்.

நனைந்த சேலையோடு அந்த வாசலில் நின்று சொன்னேன். கைக்குழந்தையின் படுக்கைக்குள் சுடுதண்ணிப் பை வைக்கவே கூடாது, புதுப் பை என்றாலும்தான். பிள்ளையால் நகரவும் முடியாது, சுடுகிறது என்று சொல்லவும் முடியாது. பெரியவர்கள் பாவிப்பதென்றால் கொதித்த தண்ணீரை இறக்கி ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாமல், காற்றை வெளியே விட்டு மூடி, கவிழ்த்துப் பார்த்து, துணி சுற்றித்தான் பாவிக்க வேண்டும். மேலே ஏறிப் படுக்கக் கூடாது. படுக்கையைச் சூடாக்கிவிட்டு, தூங்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டார். இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடம்தான் அன்றைக்குக் கவுண்டரில் என்னிடம் இல்லாமல் போனது.

"ஆஸ்பத்திரியில நெஞ்சோட அணைச்சு வச்சிருக்கத்தாங்க சொன்னாங்க" என்றாள் தாய். "நான் வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சமைக்கிற நேரம், துணி தொவைக்கிற நேரம் என்ன செய்றது? அதுக்குத்தான் இவரு இதை வாங்கிட்டு வந்தாரு."

பிள்ளைக் காம்பரா அக்கா இடுப்பில் கை வைத்தார். "ஏன், இவனுக்கு நெஞ்சு இல்லியா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆம்பளையும் வச்சிருக்கலாமுங்களா மிஸ்?"

"தாராளமா. உங்க ஒடம்புச் சூடு போதும். கையக் கழுவிட்டு வாங்க."

சோப்புப் போட்டுக் கழுவினார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். பிள்ளையைத் துணி விலக்கி அவர் நெஞ்சின் மேல், முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்படி வைத்தேன். தாய் மேலே கம்பளியைப் போர்த்தினாள். அவர் மூச்சுவிடவே பயந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளை ஒருமுறை கையை விரித்து, அவருடைய தோளெலும்புப் பக்கம் பிடித்துக்கொண்டு திரும்பத் தூங்கிவிட்டது. அவர் தலையைக்கூட அசைக்காமல், கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்த்தார்.

"இனி நான் ரொட்டி சுடுற நேரமெல்லாம் இப்படியே இருங்க" என்றாள் அவள். பிறகு சிரித்தாள். அக்கா சிரித்தார். சிரித்தால் பிள்ளை குலுங்கும் என்று அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். சூடாக ஒரு பிளேன்டீ கொடுத்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டிலிருந்து கிளம்பியபோது நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைக்கவில்லை. இரண்டு நாள் அந்தப் பை தாங்கியது யார் புண்ணியமோ, என் கெட்டித்தனம் இல்லை. உங்களிடம் இதைச் சொல்வதும் அதனால்தான். கவுண்டருக்கு முன்னால் பத்துப் பேர் நிற்கும்போது, ஒருவர் "எப்படிப் பாவிக்கிறது" என்று கேட்டால், மற்ற ஒன்பது பேரும் நிற்கட்டும். முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். கேட்காமல் போகிறவர்களிடம் நீங்கள் கேளுங்கள். யாருக்கு, எந்த வயது, சூடு குளிர் தெரியுமா என்று கேளுங்கள். உங்களையும் பார்த்து யாராவது விசாரணை என்று சிரிப்பார்கள்.

சந்திக்கு இறங்கி வந்து சேர்ந்தபோதுதான் போனுக்கு சிக்னல் கிடைத்தது. ஹாஜியார் ஏழு தடவை போன் எடுத்திருந்தார். நான் திருப்பி அழைத்ததும், மணி முழுதாக அடிப்பதற்குள் தூக்கிவிட்டார். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"பிள்ள நல்லா இருக்கு ஹாஜியார். ஒரு கீறல் இல்ல" என்றேன்.

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது. தூரத்தில் அவர் குரல் கேட்டது. கடை முழுக்கக் கேட்கும்படி, "பிள்ளைக்கு ஒண்ணுமில்லையாம்! பிள்ள நல்லா ஈக்குதாம்!" என்று கத்தினார். மருந்துக்கு நின்றவர்கள், யார் எவர் என்று தெரியாது, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யாரோ அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். யாரோ முருகா என்றார்கள். நான் மழையில், சந்தியில், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தச் சத்தம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன்.